தட்டினால் திறந்துவிடுமா?

ஆட்டிசம் உள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தெரபிஸ்ட் கிடைக்கவில்லையா, கவலையை விடுங்கள், ஒரு டேப்லட்டை வாங்கிக் கையில் கொடுங்கள் என்கிறார் நண்பர் ஒருவர் தன் கட்டுரையில். இதை இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிடும் அளவுக்கு அவர் வெகுளி இல்லை. துணைக்கருவி என்கிறார், இடைக்கால ஏற்பாடு என்கிறார், ஏழைக்கும் எட்டும் சிகிச்சை என்கிறார். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் தாய்மார்களின் கண்ணீரை நான்கு பத்திகளுக்குப் பிழிந்து வைக்கிறார். நெஞ்சு கனத்து நாம் கைக்குட்டையைத் தேடும் நேரம் பார்த்து, ஒரு செயலியும் அதன் முதல் மாத இலவசச் சந்தாவும் மெல்ல எட்டிப் பார்க்கின்றன. இரண்டாம் மாதம் என்ன ஆகும் என்று எழுத அவருக்கு இடம் போதவில்லை போலும்.

வியாபாரம் பாவமில்லை. ஜாலான் துன் சம்பந்தனில் மசாலாத்தூள் விற்பவர் அதை மசாலாத்தூள் என்று சொல்லித்தான் விற்கிறார். அதே பொட்டலத்தில் மருந்து என்று எழுதி ஒட்டினால் சுகாதார அமைச்சிலிருந்து ஆள் வந்து நாலு கேள்வி கேட்பார். ஆய்வு, நிரூபணம், நரம்பியல், ஆரம்பகாலத் தலையீடு என்று கனமான சொற்களாகப் பார்த்து அடுக்கும் நண்பரிடமும் அந்த நாலு கேள்வியைக் கேட்கத்தானே வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் நிரூபணமாகிவிட்டது என்பது அவருடைய முதல் தூண். என்ன நிரூபணமானது? அவர் பெயர் சொல்லாமல் கைகாட்டுவது 'டோபி' என்ற செயலியை என்று இந்தத் துறையை ஓரளவு பார்த்தவர்கள் ஊகித்துவிடலாம். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரியவந்த பெற்றோர், பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டிராமல் வீட்டிலேயே எதையாவது தொடங்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐபேடுக்காகச் செய்தது அது. ஆண்ட்ரூ வைட்ஹவுஸ் தலைமையில் ஒரு குழு அதை முறையாகச் சோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டது. 80 பிள்ளைகள், குலுக்கல் முறையில் இரண்டு அணிகள், ஓர் அணிக்கு வழக்கமான பயிற்சியோடு டோபி, மற்ற அணிக்கு வழக்கமான பயிற்சி மட்டும். ஆட்டிச அறிகுறிகள் தணிந்தனவா என்பதுதான் அந்தச் சோதனையின் தலையாய கேள்வி. மூன்றாம் மாதம் அளந்தார்கள், ஆறாம் மாதம் அளந்தார்கள்; இரண்டு அணிகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. விரல்களின் நுண்ணசைவு, கண்ணால் பார்த்து இனங்காணுதல் போன்ற சில துணை அளவுகளில் டோபி அணி சற்று முன்னே நின்றது. தலையாய கேள்விக்குக் கிடைத்த பதிலை விழுங்கிவிட்டு, துணை அளவுகளை மட்டும் மாலை போட்டு ஊர்வலம் விடுவதற்கு நண்பர் வைத்திருக்கும் பெயர் நிரூபணம். அந்த ஆய்விலேயே, ஆரம்ப உற்சாகம் போனபின் அடுத்த மூன்று மாதங்களில் செயலியின் பயன்பாடு பேருக்குத்தான் என்ற அளவுக்குச் சுருங்கிப்போனதும் பதிவாகியிருக்கிறது. அதையும் அவர் படித்திருப்பார். படிக்காமலா இவ்வளவு கவனமாகத் தவிர்க்க முடியும்?

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சூ ஃப்ளெட்சர்-வாட்சனும் சகாக்களும் செய்த சோதனையை அவர் தொடவே இல்லை. தொட்டால் சுடும். ஆறு வயதுக்குட்பட்ட 54 பிள்ளைகளிடம் நடந்த அந்த ஆய்வு 2016 இல் வெளியானது. செயலி அழகாகச் சிந்தித்துச் செய்யப்பட்டது: திரையில் ஒரு மனித உருவம், சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் சாமான்கள், பிள்ளை சாமான்களை விட்டுவிட்டு ஆளைத் தட்ட வேண்டும். அடுத்த நிலையில், அந்த ஆள் எதைச் சுட்டுகிறார், எதைப் பார்க்கிறார் என்று கவனித்து அந்தப் பொருளைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் திரையில் பரிசு. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, பெற்றோருக்கும் திருப்தி. ஆனால் தாயோடும் தந்தையோடும் உட்கார்ந்து விளையாடும்போது பிள்ளையின் சமூகத் தொடர்பு கூடியிருக்கிறதா என்று பார்த்தபோது, செயலியைப் பயன்படுத்திய பிள்ளைகளுக்கும் பயன்படுத்தாத பிள்ளைகளுக்கும் வேறுபாடு இல்லை. தாங்களே செய்த கருவி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று அச்சில் ஏற்றும் நேர்மை அந்த ஆய்வாளர்களுக்கு இருந்தது. அந்த நேர்மை அலைகடல் தாண்டிக் கிள்ளான் பள்ளத்தாக்கு வந்து சேர்வதற்குள் எங்கே கரைந்தது?

ஏன் பலனில்லை என்பதைப் புரிந்துகொள்ள நரம்பியல் பட்டம் வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒன்றேகால் வயதுக் குழந்தையைப் பாருங்கள். கடை வாசலில் சீரியல் விளக்கு மினுங்குகிறது. குழந்தை விளக்கைப் பார்க்கிறது, உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது, மறுபடி விளக்கு. நீயும் பார்த்தாயா என்ற கேள்வி அந்தத் திரும்பலில் இருக்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே அங்கே உரையாடல் தொடங்கிவிட்டது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்தத் திரும்பல் தாமதமாக வருகிறது, அல்லது அரிதாக வருகிறது. ஆரம்பகாலப் பயிற்சி என்று உலகத்தில் உருப்படியாக நடப்பதில் பெரும்பகுதி, பெற்றோரும் பயிற்சியாளரும் அந்தத் திரும்பலுக்குக் காத்திருந்து, வந்ததும் பிடித்துக்கொள்ளப் பழகுவதுதான். டேப்லட்டில் என்ன நடக்கிறது? கேள்வியும் திரையில், பதிலும் திரையில், கைதட்டலும் திரையில். பிள்ளை எதற்காகத் திரும்ப வேண்டும்? யாரிடம் திரும்ப வேண்டும்? திரும்பாமலே எல்லாம் கிடைக்கும்படி அமைந்த ஒரு சாதனத்தைக் கொடுத்துத் திரும்பப் பழக்கப்போகிறேன் என்பவரின் தர்க்கத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

(உடனே இன்னொரு கோஷ்டி கைதட்டிக்கொண்டு வரும்: பார்த்தீர்களா, போன் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வருகிறது! அவர்களும் கொஞ்சம் உட்காரட்டும். திரை ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பதற்கும், திரை அதைத் தீர்க்கிறது என்பதற்கும் சான்று ஒரே தரத்தில்தான் இருக்கிறது. தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அந்தப் பழைய வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.)

நண்பரின் கைவரிசை உச்சத்துக்குப் போவது அமெரிக்க ஆய்வு ஒன்றை அவர் எடுத்தாளும் இடத்தில். டேப்லட் கொடுத்த பிள்ளைகள் அதிகம் பேசினார்கள் என்கிறார். உண்மை. கோனி கசாரியும் குழுவினரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வு அது. மிகக் குறைவாகவே பேச்சு வந்திருந்த 61 பிள்ளைகள், வயது ஐந்து முதல் எட்டு. இரண்டு அணிப் பிள்ளைகளோடும் பயிற்சி பெற்ற தெரபிஸ்டுகள் தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள். ஓர் அணியில், தெரபிஸ்ட் தாமும் பேசிக்கொண்டே, பொத்தானை அமுக்கினால் சொல்லை ஒலிக்கும் கருவியையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார். அந்த அணி முந்தியது. நண்பர் செய்தது என்னவென்றால், படத்திலிருந்து தெரபிஸ்டைக் கத்தரித்தார், விளையாட்டைக் கத்தரித்தார், பிள்ளைகளின் வயதைக் கத்தரித்தார், மிச்சமிருந்த டேப்லட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு மனிதத் துணையோடு பலித்ததை இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆளில்லாமல் பலிக்கும் என்று காட்ட இப்படியெல்லாம் கத்தரிக்கோல் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நண்பர் பிடிவாதமாகக் குழப்பிவைப்பதும் இதைத்தான். டேப்லட் பிள்ளையின் குரலாக இருப்பது ஒன்று, பிள்ளைக்கு வாத்தியாராக இருப்பது வேறொன்று. முதலாவதற்கு நான் எதிரியே அல்ல. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' அப்படிப்பட்டது. பேச முடியாத மூளை முடக்குவாதப் பிள்ளைகளை மனதில் வைத்து, வித்யாசாகர் பள்ளியின் அனுபவத்தோடு வளர்ந்து, பிறகு டேப்லட் செயலியாகி, தமிழிலும் பேசத் தொடங்கியது. அதில் ஒரு பிள்ளை தோசைப் படத்தைத் தொட்டுவிட்டு அடுத்து 'வேண்டாம்' என்பதைத் தொட்டால், சாப்பாட்டு மேசையில் யாரோ ஒருவர் அதைக் கேட்டுத் தட்டை எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் அந்தச் செயலிக்கு ஒரு வேலையும் இல்லை. டேப்லட் என்ற பொருளே இல்லாத காலத்தில், 1985 இல், ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் டெலவேரில் வகுத்த படப் பரிமாற்ற முறையின் உயிர்நாடியும் இதுதான்: பிள்ளை பிஸ்கட் படத்தை எடுத்து இன்னொருவர் கையில் வைக்க வேண்டும். அட்டையைப் பார்த்தால் போதாது, தொட்டால் போதாது, சரியான படத்தை எடுத்துவிட்டாலும் போதாது. வேறொரு கைக்கு அது போய்ச்சேர வேண்டும். காகித அட்டைக்குப் புரிந்திருந்த இந்த விஷயம் நண்பர் சிபாரிசு செய்யும் செயலிக்குப் புரியவில்லை. அதில் ஆப்பிளைத் தொட்டால் பலூன் வெடிக்கிறது, அவ்வளவுதான். ஆப்பிள் கேட்டவனுக்கு யாரும் ஆப்பிள் தருவதில்லை.

ஆட்டிசப் பிள்ளைகள் படங்களில் சிந்திப்பவர்கள், ஆகவே திரை அவர்களுடைய தாய்வீடு என்ற வாதத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆட்டிசம் உள்ளவரான டெம்பிள் கிராண்டின் 1995 இல் தன் மனம் எப்படி வேலை செய்கிறது என்று எழுதினார். ஆட்டிசம் உள்ள எல்லாரும் அப்படிச் சிந்திப்பதில்லை என்று பிற்பாடு அவரே திருத்திக்கொண்டார். அவர் திருத்திக்கொண்டு இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நண்பர் முதல் பதிப்பிலேயே நிற்கிறார். பிள்ளைகள் திரையை விரும்புகிறார்கள் என்பதும் உண்மைதான்; ஐஸ்கட்டியையும் விரும்புகிறார்கள். விருப்பம் எப்போது மருந்துச் சீட்டானது?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இப்படிப்பட்ட சிகிச்சைக்கு அனுமதி தந்திருக்கிறது என்று மிரட்டவும் பார்க்கிறார். 2020 இல் 'எண்டெவர்' விளையாட்டு பெற்ற அனுமதி எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள, கவனக்குறைபாட்டுப் பிரச்சினை கொண்ட பிள்ளைகளுக்கானது; ஆட்டிசத்துக்கானது அல்ல. 2021 இல் அனுமதி பெற்ற 'கான்வாஸ்' ஆட்டிசத்துக்கானதுதான். ஆனால் மருத்துவர் அதைக் கண்டறிய உதவும் கருவி, சிகிச்சை அல்ல. வேறு நோய்க்கு மருந்து ஒன்று, இந்த நிலைக்குப் பரிசோதனை ஒன்று, இரண்டையும் கூட்டினால் இந்த நிலைக்கு மருந்து வந்துவிடும் என்ற கணக்கை அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்பது நாகரிகமில்லை. விட்டுவிடலாம்.

விட முடியாதது அவர் போடும் மணிக்கணக்கு. தீவிரப் பயிற்சி என்றால் வாரம் 40 மணி நேரம் என்று லோவாஸின் 1987 ஆம் ஆண்டு ஆய்வைத் தூக்கிப் பிடிக்கிறார். 19 பிள்ளைகளில் 9 பேர் மற்ற பிள்ளைகளைப் போலவே பள்ளியில் தேறினார்கள் என்று கண்கள் பனிக்கச் சொல்கிறார். அது குலுக்கல் முறையில் அணி பிரித்த ஆய்வல்ல என்பதையும், அந்த 40 மணி நேரமும் மனிதர்கள் பிள்ளையோடு நேருக்கு நேர் உட்கார்ந்த நேரம் என்பதையும், பிள்ளையின் தொடையில் அடிப்பதும் அதில் ஓர் உத்தியாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விடுகிறார். போகட்டும். அடுத்த பக்கத்திலேயே தன் செயலிக்கு நாளொன்றுக்கு 20 நிமிடம் போதும் என்கிறார். வாரத்துக்கு 2 மணி 20 நிமிடம். 40 மணி நேரம் தேவை என்றால் 20 நிமிடத்தால் என்ன பயன்? 20 நிமிடம் போதும் என்றால் லோவாஸை எதற்குச் சாட்சிக்கு இழுத்தார்? சரி, 40 மணி நேரத்தையும் டேப்லட்டிலேயே கொடுத்துவிடலாம் என்பாரோ? இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. ஒரு கையில் லோவாஸ், மறு கையில் சந்தா ரசீது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வாசகர் யாரும் தனக்கு இருக்கமாட்டார் என்று நினைத்துவிட்டார்.

மலிவு என்ற பேச்சுக்கு வருவோம். தனியார் பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு நூறு வெள்ளிக்கு மேல் போகிறது என்று அவர் சொல்வது சரி. கிள்ளானிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து, வழியெல்லாம் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையைச் சமாளித்து, அரை நாள் சம்பளத்தையும் இழக்கும் தகப்பனின் கணக்கு எனக்கும் தெரியும். அரசாங்கம் 2023 வரி ஆண்டிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளின் பரிசோதனைக்கும் ஆரம்பகாலப் பயிற்சிக்கும் 4,000 ரிங்கிட் வரிக்கழிவு தந்து, பின்னர் அதை 6,000 ஆக்கியதும் தெரியும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு வரிக்கழிவு என்பது பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்து. ஆக, ஏழைப் பெற்றோருக்கு வழியில்லை என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து எந்தப் பக்கம் நடப்பது என்பதில்தான் தகராறு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆள், இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆப் என்பதைச் சமத்துவம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். பங்சாரில் இருக்கும் நண்பரின் உறவினர் பிள்ளைக்கு இப்படி ஒரு தேவை வந்தால் அவர் டேப்லட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவாரா?

மொழி விஷயத்தில் அவர் எழுதியிருப்பதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. செயலி ஆங்கிலத்தில் இருப்பது குறையல்லவாம், வரமாம். வீட்டில் தமிழ், கிளினிக்கில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று பிள்ளை ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிறதாம். ஒரே மொழியில் நிறுத்தினால் தெளிவு வருமாம். இந்த நாட்டில் எத்தனையோ தமிழ்த் தாய்மார்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடமிருந்தே கேட்டு நொந்த அறிவுரை இது. மொன்றியலில் ஹாம்ப்லியும் ஃபோம்போனும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் மொழித்தாமதம் ஏதும் ஏற்படவில்லை என்று காட்டியது. வேறு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஆயா. அவருக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. வீட்டில் தமிழை நிறுத்து என்றால் ஆயா வாயை மூடிக்கொள் என்று அர்த்தம். ஒரு பிள்ளைக்கு நாளெல்லாம் கிடைக்கும் ஒரே மனிதக் குரலை அடைத்துவிட்டு, அந்த இடத்தில் கலிபோர்னியா உச்சரிப்பில் 'குட் ஜாப்' சொல்லும் பெட்டியை வைப்பதா தெளிவு?

அந்தப் பெட்டியிலிருந்து மொழி எவ்வளவு இறங்கும் என்பதற்கும் ஒரு பழைய சோதனை இருக்கிறது. சியாட்டலில் பேட்ரிசியா குல், ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் கேட்கச் செய்தார். முடிவு 2003 இல் வெளிவந்தது. சிலருக்கு எதிரே உட்கார்ந்து கதை சொல்லிப் பொம்மை காட்டும் மனிதர், சிலருக்கு அதே மனிதர், அதே கதை, ஆனால் காணொளியில். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அவை ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அல்ல, செயலியும் வெறும் காணொளி அல்ல என்று நண்பர் மறுக்கலாம். மறுக்கட்டும். மனிதர்களைத் தேடிப் பார்க்கும் குழந்தைக்கே திரை வாத்தியார் எடுபடவில்லை என்றால், அந்தத் தேடலே சிரமமாக இருக்கும் குழந்தைக்கு எடுபடும் என்று காட்டும் பொறுப்பு அவருடையது.

பிறகு வெட்கம். நம் சமூகத்தில் பிள்ளையை வெளியே கூட்டிப்போனால் கோயிலில் திரும்பிப் பார்ப்பார்கள், கல்யாண வீட்டில் கிசுகிசுப்பார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்குப் பதியவே பெற்றோர் கூசுகிறார்கள். டேப்லட் என்றால் அறைக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல், கௌரவமாக முடித்துக்கொள்ளலாம் என்கிறார். அனுதாபத்தின் உடுப்பில் வரும் இந்த வாதம்தான் கட்டுரையிலேயே அசிங்கமானது. திரும்பிப் பார்க்கும் ஊரைத் திருத்த வேண்டாம், பிள்ளையை மறைத்துவிடு என்பதுதானே இதன் சாரம்? இதை அவர் வேறெந்த ஊரில் வைத்து எழுதியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 இல் தொடங்கியது. அதன் வளாகம் இருப்பது பிரிக்பீல்ட்சில். வெள்ளைக் கோலோடு பார்வையற்றவர்கள் காலையும் மாலையும் அந்தத் தெருக்களில் நடந்தார்கள், வேலைக்குப் போனார்கள், கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஆப்பக்கடைக்காரரும் பூக்காரம்மாவும் டாக்சி ஓட்டுநரும் அவர்களுக்கு வழிவிடவும், கேட்டால் கைப்பிடித்துச் சாலை கடத்திவிடவும் பழகியது எந்தச் செயலியைப் பார்த்து? நடைபாதையில் தட்டித் தடவி நடக்க வரிக்கற்கள் வந்ததும் அவர்கள் வெளியே வந்ததால்தான். அறைக்குள் கௌரவமாக இருந்திருந்தால் வந்திருக்குமா?

கடைசியாக அவர் ஓடி ஒளியும் கோட்டை ஒன்று உண்டு. இத்தனை பேசுகிறீர்களே, தெரபிஸ்ட் எங்கே, காட்டுங்கள் என்கிறார். ஆள் பற்றாக்குறையை நான் மறுக்கவில்லை. இந்த நாட்டில் பேச்சுப் பயிற்சிக்கான பட்டப்படிப்பே 1990களில்தான் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. படித்து வந்தவர்களில் தமிழில் பயிற்சி தரக்கூடியவர்கள் இன்னும் குறைவு. அரசாங்கக் கிளினிக்கில் பதினெட்டாம் மாதத்தில் கேள்வித்தாளை நிரப்பிச் சந்தேகம் என்று குறித்துக்கொண்டு, பிறகு வரிசையில் நிற்க வைப்பது கொடுமை. இதெல்லாம் சரி. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் ஆளை உருவாக்கலாம் என்ற எண்ணமே எழாமல், ஒரே தாவலில் கருவிக்குப் போய்விடும் மூளையை நாம் சந்தேகப்பட வேண்டாமா?

ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஜொனாதன் கிரீன் குழுவினர் 152 பிள்ளைகளிடம் சோதித்த ஒரு முறையை, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் உள்ள நிலைமைக்கு ஏற்ப மாற்றினார்கள். நிபுணர்கள் இல்லாத இடங்கள். ஆகவே நிபுணர் அல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கினார்கள். அந்தப் பணியாளர், தாய் பிள்ளையோடு விளையாடுவதைக் காணொளியில் பதிவுசெய்து, பிறகு அதைத் தாயோடு சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்து, 'இங்கே பாருங்கள், உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை' என்ற வகையில் சுட்டிக்காட்டுவதுதான் முறையின் மையம். 65 குடும்பங்கள், 2016 இல் முடிவு வந்தது. பிள்ளை போகும் திசையில் தாயும் போவது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. எல்லா அளவுகளும் ஏறவில்லை. சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் குறையவே செய்தது. ஆய்வாளர்கள் அதையும் மறைக்கவில்லை. இதில் திரை இல்லையா? இருக்கிறது. தாய் தன்னையும் தன் பிள்ளையையும் பார்ப்பதற்காக இருக்கிறது. பிள்ளையை உட்கார வைத்துவிட்டுத் தாய் எழுந்துபோவதற்காக இல்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்தது கிள்ளானில் ஏன் நடக்கக்கூடாது? அதற்கான சட்டகம் கையிலேயே இருக்கிறதே: 1984 இல் திரெங்கானுவில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையங்கள், அவற்றில் வேலை செய்யும் உள்ளூர் மனிதர்கள். அவர்களுக்கு முறையான பயிற்சியும் கௌரவமான சம்பளமும் கேட்டு அவர் ஒரு வரி எழுதியிருக்கிறாரா? உலகச் சுகாதார நிறுவனம் பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வகுத்து வைத்திருக்கிறது. ஒன்பது குழு அமர்வுகள், மூன்று முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது. நடத்துபவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை; பயிற்சி பெற்றிருந்தால் போதும். அதைப் பற்றி அவருடைய நீண்ட கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அதற்குச் சந்தா கிடையாது என்பது தற்செயல்தான் என்று நம்புவோமாக.

மிச்சமிருப்பது பொறுப்பு. 2016 ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்சார் சட்டப்படி இந்த நாட்டில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் அதற்குரிய மன்றத்தில் பதிந்தாக வேண்டும். தவறு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று பெற்றோருக்குத் தெரியும். செயலியோ விளம்பரத்தில் தன்னைத் தெரபி என்று அழைத்துக்கொள்கிறது. நிபந்தனைகள் பக்கத்தில் பொடி எழுத்தில், இது மருத்துவ ஆலோசனைக்கோ தொழில்முறைச் சிகிச்சைக்கோ மாற்றல்ல, பலனுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று கையைக் கழுவுகிறது. பெரிய எழுத்தில் இருப்பதை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையின் மூன்றாம் வயதை அதில் செலவழித்துவிட்டு வந்து நின்றால், நண்பர் எந்த எழுத்தை எடுத்துப் படித்துக் காட்டப்போகிறார்?